முழிச்சிட்டு, எந்திக்கல

லேப்டாப் மூடியைத் திறந்ததும் இசக்கிதுரை கைகளைக் கட்டிக்கொள்வார். திரையில் வெளிச்சம் வந்திருக்கும். நமக்கு எதையாவது அழுத்தக் கை பரபரக்கும். "இரியும். முழிச்சிட்டு, இன்னும் எந்திக்கல" என்பார். இந்தி பேசுகிறவர் வந்தாலும் அதே பாட்டுதான்: "ஜாகா ஹை, உடா நஹி."

தாராவியில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடுகிற லேப்டாப் ரிப்பேர் கடை அவருடையது. தூங்கி விழித்த கணினியில் திரை வரும், மவுஸ் வராது. வைஃபை வரும், கேமரா வராது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒவ்வொரு பாகத்தையும் கணினியே அணைத்துக்கொள்ளலாம் என்று செட்டிங்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டிக்' இருக்கிறது. எந்தப் பாகத்துக்கு அதை விட்டுவைப்பது, எந்தப் பாகத்துக்கு எடுப்பது என்று அவர் யோசிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். ஏதாவது ஒன்றைக் கழற்றி மாற்றித் தொலைத்தால் என்ன என்று தோன்றும்.

அன்று என் முறை வருவதற்குள் சஃபீனா ஓடிவந்தாள். ஒரு கம்பெனிக்காகத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களின் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுகிற பெண். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"அண்ணாச்சி, திரும்ப மூடித் திறந்தா மைக் செத்துப்போவுது. இன்னைக்கும் நான் பேசுறது அங்க கேக்கலன்னா வேற ஆளப் போட்டுருவாவ. கம்பெனி மேடம் சொல்லிட்டாவ."

"போன மட்டம் எல்லாத்தையும் தூங்கவிடாம வச்சிட்டேன்லா?"

"ஆமா. கரண்ட் போன ஒடனே பேட்டரி காலி. பாதிப் பேச்சுல கட்டாயிட்டு. அதனாலதான் பழையபடி மாத்தினேன்."

"தப்பு என்னுதுதான் தாயி" என்றார், தலை நிமிராமல். பிழைக்குச் சாக்கு சொல்லாத கடைக்காரரை நான் பம்பாயில் அதிகம் பார்த்ததில்லை. "எல்லாத்தையும் முழிக்க வைக்கப்பிடாது. ஒன் ஹெட்போன் சொருவுற வழி மட்டும் முழிச்சிருக்கட்டும். கேமரா தூங்குனா நமக்கென்ன?"

ஒரேயொரு டிக்கை எடுத்தார். மூடினார். சற்றுப் பொறுத்துத் திறந்தார். சஃபீனா ஹெட்போனை மாட்டுவதற்கும் முதல் அழைப்பு வருவதற்கும் சரியாக இருந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"வணக்கம், சஃபீனா பேசுறேன். சொல்லுங்க சார்."

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு அவள் கண்கள் விரிந்தன. "ஆமா சார், நல்லா கேக்குது. உங்களுக்குக் கேக்குதா சார்?... சரிங்க சார்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடையில் தப்ரேஸின் தோல் தைக்கும் மெஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. சஃபீனா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். இசக்கிதுரை சத்தமில்லாமல் எழுந்து என்னைத் தாண்டி வெளியே போனார். "க்யா ஹுவா பாய்?" என்று காரணம் கேட்டுத் தப்ரேஸ் நிமிர்வதற்குள், அவனுடைய மெஷின் சுவிட்சை அணைத்தார். உதட்டில் ஒரு விரலை வைத்தபடி, மறு கையைச் சுவிட்சின் மேலிருந்து எடுக்காமல் நின்றார்.