முதலில் ஏற்றிய உப்பு

யாராவது வீடு மாற்றிக்கொண்டு போனால் நின்று வேடிக்கை பார்க்காமல் என்னால் நகர முடியாது. ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. அந்த வருடங்களில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஆட்களும் அறை மாற்றி அறை போய்க்கொண்டே இருந்தார்கள். செங்கல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லரைத்தான் அரை நாளுக்கு வாடகைக்குப் பிடிப்பார்கள். அதற்கு மேல்மூடி கிடையாது என்பதால் ஒரு குடும்பத்தின் சங்கதி மொத்தமும் ஊர் பார்க்கப் போகும். பாயும் பக்கெட்டும் மட்டும் போனால் பையன்கள். மிக்ஸி அட்டைப்பெட்டி பிரிக்காமல் போனால் புதுக் கல்யாணம். ஒரு தடவை ஒரே டிரெய்லரில் இரண்டு தையல் மிஷின் போனது. அக்கா தங்கையா, மாமியார் மருமகளா என்று ஷிஃப்ட் முடியும்வரை மண்டையைக் குடைந்தது.

என் முறையும் வந்தது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆனபின், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து அம்மாவை என்னோடு அழைத்து வந்திருந்தேன். ஒரகடத்தில் ஒற்றை அறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அம்மா பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அவளுக்காகவே சேரப்பணஞ்சேரியில் இரண்டு அறையும் தனிச் சமையல்கட்டுமாக ஒரு வீடு பார்த்தேன். அம்மாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"எய்யா, புது வீட்டுக்குள்ள மொத மொத உப்பும் மஞ்சளும் நெறகொடமும் போகணும். அதுக்கு முன்ன ஒரு துரும்பு போகக் கூடாது. அதை ஒரு சுமங்கலி கையில குடுத்து விடு. நான் பொறத்தால வாரேன்."

"நீதானம்மா இந்த வீட்டுக்கு எல்லாம். நீயே கொண்டு போ" என்றேன்.

"பொழைக்க வந்த எடத்துல மொத அடி என் காலா இருக்க வேண்டாம்யா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா போனதிலிருந்து அவள் எங்கேயும் முன்னால் நிற்பதில்லை. கல்யாண வீடுகளில் பந்திக்கூடத்தோடு நின்றுகொள்வாள். சொந்த மகன் வீட்டு வாசலிலும் ஒதுங்கி நிற்பேன் என்றால் எப்படிப் பொறுப்பது? எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. கடைசியில் புது வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். "அதுக்கு இன்னாபா, குளிச்சிட்டு ரெடியா கீறேன்" என்று அவர் ஒப்புக்கொண்டார். அம்மா முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு அந்த நிம்மதியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என் வார லீவு நாளில் காலையிலேயே டிரெய்லர் வந்துவிட்டது. டிரைவர் செங்கல் தூளைப் பெருக்கித் தள்ளினார். துணைக்கு என்னோடு கம்பெனியின் சாமான் கிடங்கில், ஸ்டோர்ஸில், வேலை பார்க்கும் நண்பன் வந்திருந்தான். எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு சட்டம் உண்டு. முதலில் உள்ளே வந்த பொருள்தான் முதலில் வெளியே போக வேண்டும். ராக்கில் பின்பக்கம் பெட்டியை வைத்தால் அது முன்பக்கமாக வெளியே வரும். தினமும் எட்டு மணி நேரம் இதையே செய்து செய்து எங்கள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. ஆகவே புது வீட்டில் முதலில் இறங்க வேண்டிய உப்பு ஜாடி, மஞ்சள், விளக்கு, நிறைகுடத்துக்கான தவலை எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி, மிகுந்த பொறுப்போடு முதலில் ஏற்றினோம். டிரெய்லரின் முன்மூலையில், ஆடாமல் அசையாமல். அதற்குப் பிறகு கட்டில் சட்டங்கள், அரிசி டிரம், கிரைண்டர், மூட்டைகள், கடைசியாக பீரோ. டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

அம்மாவை பைக்கில் உட்காரவைத்து டிரெய்லருக்குப் பின்னாலேயே போனேன். பீரோவின் கண்ணாடி எங்களைப் பார்த்தபடி இருந்தது. ரோட்டுப் பள்ளங்களில் வண்டி குலுங்கும்போதெல்லாம் நானும் அம்மாவும் கண்ணாடிக்குள் துள்ளினோம். ரோட்டோரம் நின்றவர்கள் டிரெய்லரைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இத்தனை நாள் நான் பார்த்த பார்வை. எங்கள் சாமான்களை வைத்து என்ன கணக்குப் போட்டிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புது வீட்டுத் தெரு குறுகல். டிரெய்லர் நின்றால் சைக்கிள்தான் போகலாம். வீட்டுக்காரம்மா தலையில் பூவோடு வந்து நின்றார். நண்பன் டிரெய்லரின் பின்பலகையைத் திறந்தான், பீரோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ராக்குக்கு இரண்டு பக்கம் வாசல் உண்டு. டிரெய்லருக்கு ஒரு பக்கம்தான்.

"இன்னா சார், மொதல்ல எறக்கறத அடில போட்டு அமுக்கி வச்சிகினு கீறீங்க?" என்றார் டிரைவர்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"கம்பெனில வேல செய்றவங்க, எதுனா கணக்கு இருக்கும்னு வுட்டுட்டேன்."

நண்பன் மேலே ஏறிக் கையை விட்டுத் துழாவினான். பெட்டி அசையவில்லை. எல்லாவற்றையும் இறக்கினால்தான் உப்பு வரும். உப்பு போகாமல் எதையும் உள்ளே கொண்டுபோக அம்மா விட மாட்டாள். ஆகவே பீரோ, மூட்டைகள், கிரைண்டர் என்று எங்கள் குடித்தனம் நடுத்தெருவில் இறங்கியது. "டப்பா வந்ததும் ஒரு கொரல் குடு, அடுப்புல குக்கர் கீது" என்று வீட்டுக்காரம்மா உள்ளே போனார். அம்மா திறந்த கதவுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பின்னால் ஹாரன் கேட்டது. செகண்ட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். டிரெய்லரை முன்னே எடுத்தாலும் பீரோ நடுவழியில் நிற்கிறது. ஷிஃப்டுக்கு லேட் ஆனால் என்ன ஆகும் என்று அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கதவு திறந்தது. யூனிஃபார்ம் போட்ட பையன்கள் ஏழெட்டுப் பேர் திபுதிபுவென்று இறங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் கிடந்ததையும் டிரெய்லரில் மிச்சமிருந்ததையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

"ஏலே, நில்லுங்கல! பீரோவ அந்த ஈரச் சுவத்துல சாத்தாதீங்க! அரிசி டிரம்மு, பாத்து! குப்புற வைக்காத!"

அம்மாவின் சத்தம். அவள் சத்தம் போட்டுக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். பையன்களுக்குப் பின்னாலேயே ஓடினாள், பிறகு அவர்களுக்கு முன்னால் ஓடினாள். இது இங்கே, அது அங்கே, கட்டில் ஜன்னலோரம் என்று உள்ளிருந்து அதிகாரம் பறந்தது. "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று பையன்கள் வைத்துவிட்டு ஓடி வந்து பஸ் ஏறினார்கள். டிரெய்லர் முன்னே போய்த் தெருமுனையில் ஒதுங்கியது, பஸ் போயே போய்விட்டது.

தெரு சட்டென்று அமைதியானது. டிரெய்லர் மூலையில் அட்டைப்பெட்டி மட்டும் தனியாக இருந்தது. பிரித்து உப்பு ஜாடியை எடுத்தேன். வீட்டுக்காரம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார். இரண்டு பேரும் வாசலுக்கு வந்தோம்.

அம்மா வீட்டுக்குள் நடுவில் நின்றுகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த ஜாடியைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"நான் உள்ள வந்துட்டேனா?" என்றாள்.

எதைச் சொன்னாலும் வெளியே வந்துவிடுவாள் என்று பயந்து ஜாடியை மார்போடு பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜாடியை வாங்கக் கை நீட்டவில்லை.

"நான் போய்ப் பால் எடுத்தாறேன்" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

அம்மா மெதுவாக நிலைப்படி வரைக்கும் வந்தாள். தாண்டவில்லை. உள்ளே இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டி ஜாடியை வாங்கிக்கொண்டாள்.

"என்னத்த முழிச்சிக்கிட்டு நிக்க? வலது காலை எடுத்து வச்சு உள்ள வாய்யா."