அண்ணை கவிழ்த்து வைத்த துரும்பு

அண்ணையின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எழுபது தாண்டியும் வெங்காயத்துக்குத் தானே தண்ணீர் கட்டினார். சீனி இல்லை. பிறசர் இல்லை.

பின்னேரங்களில் சுன்னாகத்தில் எங்கள் வாசிகசாலை விறாந்தையில் கடுதாசி விளையாடுவோம். முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம். அண்ணையும் நானும் ஒரு பக்கம். எதிரே பழைய பஸ் சாரதி ஒருவரும் அவர் மைத்துனரும். சாரதிக்குச் சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்தாகிவிட்டது.

"உன்ரை செத்தவீட்டிலையும் இருந்து விளையாடுவன்," என்று அண்ணை சாரதியைச் சீண்டுவார்.

"அங்கையும் தோத்துத்தான் போவாய்," என்பார் அவர்.

இந்த விளையாட்டில் ஆகக்கூடிய புள்ளி கேட்டவர், மற்றச் சீட்டுகளை வெல்லும் இனமாகத் தான் தெரிந்த துரும்பைக் கவிழ்த்து வைப்பார். என்ன துரும்பு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அண்ணை கேட்டார், வைத்தார். பாதி ஆட்டத்தில் அதைத் திறக்க வேண்டி வந்தது. திருப்பினார். ஆடுதன், சிவப்பு இதயச் சீட்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உதை ஆர் வைச்சது?"

பேய் வைச்சது என்று மைத்துனர் சிரித்தார். அண்ணையின் முகத்தில் பகிடி இல்லை. சாரதி தன் சீட்டுகளைக் கீழே போட்டார். இன்றைக்குக் காணும், நிப்பாட்டுவம் என்றார்.

முழங்காலைக் காட்டுவோம் என்று சொல்லி அண்ணையை டொக்டரிடம் கூட்டிப் போனேன். நடந்ததை டொக்டரிடம் சொன்னேன். அவர் அண்ணையிடம் மிருகங்களின் பெயரை வேகமாகச் சொல்லச் சொன்னார். மாடு, ஆடு என்றார் அண்ணை. நின்றார். திரும்பவும் மாடு என்றார்.

அண்ணையை வெளியே இருத்திவிட்டு டொக்டர் என்னிடம் கதைத்தார்.

"வயது போன ஆக்களுக்கு மூளை மந்தமானால் ஆயுளும் குறையிறதைக் காணுறம், ஐயா. எல்லாருக்கும் அப்பிடி எண்டில்லை. கவனமாப் பாருங்கோ."

தோட்டத்தில் இன்னும் மண்வெட்டி பிடிக்கிறார் என்று சொன்னேன். நான் நம்பவில்லை. திரும்பும் வழியில் வாழைக்குலை வாங்கினோம். அண்ணைதான் தோளில் தூக்கி வந்தார். இந்த மனிசனுக்கா?

மாரி மழை தொடங்கியது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த அண்ணை எழும்பவில்லை.

வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை உடலை வைத்திருந்தோம். எங்கள் பக்கம் செத்தவீட்டில் காத்திருக்கும் ஆம்பிளைகள் கடுதாசி விளையாடுவார்கள். பந்தலுக்குள் மேசை போட்டார்கள். சாரதி ஊன்றுகோலோடு வந்து அண்ணையின் காலடியில் நின்றார்.

"நானெல்லோ முதல் போகவேண்டியவன்," என்றார்.

அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

பிறகு அதில் இருந்துகொண்டு அவரே சீட்டுப் போட்டார். எந்தச் சீட்டு எப்போது விழுந்தது என்று எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஒரு ஆட்டத்தில் நான்தான் ஆகக்கூடக் கேட்டேன். துரும்பைக் கவிழ்த்து வைத்தேன். கறுப்புக் கலாவரை என்று மனதுக்குள் சொன்னேன். கையை எடுக்க முடியவில்லை. ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தேன்.

சாரதி கண்டுவிட்டார்.

"சரியோ, தம்பி?"

"ஓம்."

"அப்ப விளையாடு."