ஷோரூம் வாசலைத் தாண்டியதும் இறங்கும் விலை

போன கிழமை கொழும்பில் ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்தேன் என்பது பாதி உண்மை. உள்ளே ஏறி இருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சேல்ஸ்மன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, வாயாலேயே 'ர்ர்ர்' என்று ஒரு சத்தமும் போட்டேன்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. நைஜீரியாவில் ஏழு வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அங்கே சேர்த்ததில் கொஞ்சம் இன்னும் வங்கியில் கிடக்கிறது. கார் சிவப்பு. இரண்டே கதவு. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்... புத்தம் புதுசு!

உமக்கு எதற்கு ஐயா ஸ்போர்ட்ஸ் கார்? வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. கவலை வேண்டாம், உங்களுக்கு முன்னரே ஊர் கேட்டுவிட்டது.

புத்தூரில் தோட்டம் செய்யும் என் மைத்துனர், பின்னுக்கு எத்தனை மூடை வெங்காயம் ஏற்றலாம் என்று கேட்டார். ஒரு கடகப் பெட்டிகூட வைக்க முடியாது என்றேன். பிறகு ஏன் அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு கவலை. மாப்பிள்ளை, தோழன், தோழி மூவரும் அதில் ஏற முடியாதே! அடுத்த தையில் அவர் வீட்டில் கலியாணம். நான் இன்னும் வாங்காத காரை அவர் ஏற்கெனவே கலியாணத்துக்குக் கேட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் கார் என்பது வாங்கும்வரைதான் நம்முடையது.

இதெல்லாம் சில்லறைப் பிரச்சினை. உண்மையான பிரச்சினை தேய்மானம்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு பழைய ஒஸ்ரின் இருக்கிறது. மாமனார் ஓடிய கார். சத்தம் போடும், புகை தள்ளும், மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனால் அவர் வாங்கிய விலையைவிடப் பல மடங்கு தருகிறேன் என்று இன்றைக்கும் ஆள் வருகிறது. புதுக் கார் அப்படியா? ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே அது பழைய கார். ஒரு மைல் ஓடியிருக்கத் தேவையில்லை. நமது ஊரில் விற்கும் விலையை யோசிக்காமல் யாராவது ஒரு சைக்கிளாவது வாங்கியதுண்டா? புதுக் கதிரைக்குச் சுற்றி வந்த பொலித்தீனைக் கிழிக்காமல், வியர்த்து வியர்த்து அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிற சனம் அல்லவா நாங்கள்!

வாத்தியார் புத்தி விடுமா? கிராப் தாளை எடுத்துக் கோடு கீறினேன். நெடுக்காக விலை, கிடையாக வருடம். கோடு சறுக்கிக்கொண்டே போனது.

மனைவி அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை. அவள் சொன்னது ஒன்றுதான். வீட்டில் இருபத்தெட்டு வயதில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, மிச்சக் காசைக் காரில் போடுகிற தகப்பன் நீங்கள் ஒருவர்தான்.

மகள் வதனியைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் அதிகம் எழுதியதில்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. அதே ஊரில் படிப்பிக்கும் பையன். காலையில் அவளோடு ஒரே பஸ்ஸில் போகிறவன். அவர்கள் பக்கம் சீதனக் காணியோடு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுக்கும் டொனேஷன் காசும் கேட்டார்கள். அதற்கு நான் புத்தூர்த் தோட்டக் காணியில் ஒரு துண்டை விற்க வேண்டும். காணி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். டொனேஷனைக் குறைக்கச் சொன்னேன், ஒரு வருடம் பொறுக்கவும் சொன்னேன். அவர்கள் பொறுக்கவில்லை. காணி விலை நான் சொன்னபடியே ஏறியது. அந்தப் பையன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான்.

என் கணக்குப் பிழைக்கவில்லை என்று அப்போது நான் நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன்.

சனிக்கிழமை காலை தரகர் நாகலிங்கத்தார் சைக்கிளில் வந்து இறங்கினார். காணி, கார், கலியாணம் மூன்றும் பார்ப்பவர். வந்தது கலியாண விஷயமாக. ஆனால் ஆளைக் கண்டதும் எனக்குக் காரைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கிராப் தாளை அவர் முன்னால் விரித்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பித் தந்தார்.

"மாஸ்ரர், புதுச் சாமான் ஷோரூமிலை நிக்கிறவரைக்கும்தான் புதுசு. வாறவன் முதல் கேக்கிறது எந்த வருசம் எண்டுதான். பிறகு வருசத்துக்கு வருசம் இறக்கம்தான்."

நான் கீறிய கோட்டை அவர் மூன்று வசனத்தில் சொல்லிவிட்டார். சரி, காரை மறந்துவிடுவோம் என்று நானும் தலையாட்டினேன்.

அவர் அதே மூச்சில் வந்த விஷயத்துக்குப் போனார். கொழும்பில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். நல்ல குடும்பம். ஆனால்...

"பிள்ளைக்கு இப்ப இருபத்தெட்டெல்லே? வாறவை முதல் கேக்கிறது எந்த வருசம் பிறந்த பிள்ளை எண்டுதான். இனி வருசத்துக்கு வருசம் இறக்கம்தான், மாஸ்ரர். நீங்கள் டொனேஷனைக் கொஞ்சம் ஏத்திப் பிடிச்சால் சரிவரும்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. குரலில் ஒரு துளி நக்கலும் இல்லை. காருக்குச் சொன்னதைச் சொன்ன அதே அக்கறையோடுதான் இதையும் சொன்னார். எனக்கும்கூட முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் மனம் போனது.

வதனி தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வந்து அவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் வைத்தாள். மேசையில் கிடந்த கிராப் தாளை எடுத்து, அந்தக் கோட்டை விரலால் ஒரு தடவை மேலிருந்து கீழே தடவினாள்.

"அப்பா, அந்தக் காரை வாங்குங்கோ."

பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நட்டம் எண்டு தெரிஞ்சும் ஆசைப்பட்டு ஒண்டை வாங்கிற ஆள் எங்கடை ஊரிலை ஒராளாவது இருக்கோ எண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குசினியில் மனைவி தேங்காய் திருவும் சத்தம் நின்றது. நாகலிங்கத்தார் தேத்தண்ணீரை ஊதினார், ஊதினார், குடிக்கவில்லை. பிறகு வேறு ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று எழும்பினார்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. வெட்கம் வந்தது. தரகரையா நொந்துகொள்ள முடியும்? அவர் இன்றைக்குத்தான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு பக்கம் காணியையும் மறுபக்கம் பிள்ளையையும் வைத்துக் கணக்குப் பார்த்தவன் நான் அல்லவா? எது ஏறும், எது பொறுக்கும் என்று அப்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

பின்னேரம் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்து, வராத தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். அந்த வட்டுக்கோட்டைப் பையனை உனக்குப் பிடித்திருந்ததா?

சிவப்புப் பேனையை மூடாமலே அவள் சொன்னாள்.

"இப்ப என்னத்துக்கு அப்பா? அவருக்குப் பிள்ளையும் பிறந்திட்டுது."

அடுத்த தாளை எடுத்தாள். நாலு கேள்விக்குப் புள்ளி போட்டாள். பிறகு, கார் என்ன நிறம் என்று கேட்டாள். சிவப்பு என்றேன். கண்ணைக் குத்தாத சிவப்பு என்றால் சரி என்றாள்.

திங்கட்கிழமை ஷோரூமுக்கு முற்பணம் அனுப்பிவிட்டேன். அது நட்டம்தான். சந்தேகமேயில்லை. மைத்துனர் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. மனைவி கதைக்கிறாள், ஆனால் சுவரைப் பார்த்து. வதனி மட்டும் லேர்னர்ஸ் லைசென்ஸ் எடுக்க என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நாகலிங்கத்தாரையும் நேற்றுச் சந்தையடியில் கண்டேன். இனிக் கூட்டி வருவதென்றால் வயதும் டொனேஷனும் கேட்காத ஆளாகப் பார்த்துக் கூட்டி வாருங்கள், வந்தவரை முதலில் அவள் பார்க்கட்டும் என்றேன். மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி உண்மையாகவே யோசித்தார். அப்படி ஒரு ஆளைத் தேடிப் பிடிக்க நாள் செல்லும் என்றார்.

செல்லட்டும். பேரம் பேசி நான் ஒரு தடவை வென்றது போதும்.