அத்தை ஓடிவந்த கல்பாலம்

எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் நடுவே தாமிரபரணியில் ஒரு கல்பாலம் இருந்தது. ஆற்றுக்குள் கல்தூண்களை நட்டு, மேலே பலகைக்கல் பாவியிருப்பார்கள், அவ்வளவுதான். கைப்பிடி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் முங்கிவிடும். வடிந்ததும் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பழையபடி நடப்போம்.

அப்பாவின் தங்கையை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தை நேரங்கெட்ட நேரத்தில் வருவாள். கையில் பை இருக்காது, காலில் செருப்பு இருக்காது. அம்மா ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டு வைப்பாள். அப்பா வாய்க்குள் மாமாவைத் திட்டிக்கொண்டே தொழுவத்துப் பக்கம் போய்விடுவார். இரண்டொரு நாளில் அவரே கொண்டுபோய் விட்டுவிட்டும் வருவார். எங்கள் குடும்பத்து வீரம் அந்த மட்டோடு சரி.

நான் ஐந்தாவது படிக்கும்போது கல்பாலத்தை எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. வெள்ளத்தில் மிதந்துவரும் அமலைச்செடி தூண்களில் அடைத்துக்கொண்டு தண்ணீர் வயலுக்குள் ஏறுகிறதாம். பஸ் போகிற பெரிய பாலம்தான் வந்துவிட்டதே என்றார்கள். அதுவோ வெகுதூரம் தள்ளி. அக்கரைக்குப் போக ஜங்ஷனில் பஸ் மாற வேண்டும். கல்பாலத்துக்குப் பழமை மதிப்பு உண்டென்றால் விட்டுவைக்கலாம் என்று, பார்த்து எழுத ஓர் அதிகாரி வந்தார். இரண்டு கரை ஜனமும் கூடிவிட்டது.

"பாண்டியராசா குதிரை போகக் கட்டுனது சார்" என்றார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"என்ன வே பாண்டியன்? இது நாயக்கர் காலத்துது. தெரியாட்டா சும்மா இரும்" என்றார் இன்னொருவர்.

எனக்கானால் ஒரே பெருமை. யார் கட்டினால் என்ன, குதிரை போயிருக்கிறதே!

அதிகாரி தூண்தூணாகத் தடவிப் பார்த்தார். கல்வெட்டு உண்டா, சிற்பம் உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை. வெறும் கல்.

அப்போதுதான் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். மாமா அன்று சாத்தான்குளம் போயிருந்தார்.

"ராசா கட்டுனாரோ மந்திரி கட்டுனாரோ எனக்குத் தெரியாது சார். வீட்ல அடி தாங்க முடியலன்னா இது வழியாத்தான் எங்க அண்ணன் வீட்டுக்கு ஓடியாரேன். இதையும் எடுத்துட்டா நான் எங்கன போவேன்?"

அத்தனை ஆண்கள் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! அது இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி நல்ல மனிதர்தான், அவர் முகமும் வாடிப்போனது.

"அதை நான் என்னன்னும்மா எழுத?" என்றார் பைய.

எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது. ராஜா கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டுக் கதையை எடுத்து மானத்தை வாங்கிவிட்டாளே!

அந்தக் கோடையில் கற்களைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு அத்தை பொங்கலுக்கும் கோயில் கொடைவிழாவுக்கும் மட்டும் வந்தாள். மாமாவின் பைக்கில், தலைநிறையப் பூவோடு வந்து இறங்குவாள். திரும்புவதும் அவரோடுதான். ஓடிவருவது அறவே நின்றுபோனது. மாமா திருந்திவிட்டார், அத்தையை இப்போது யாரும் அடிப்பதில்லை என்று நான் நம்பினேன். சாப்பிட உட்கார்ந்தபோது அதை அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லவும் செய்தேன்.

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள். "ஆமாட்டி, சோத்தைத் தின்னு" என்றாள்.