ஸ்டியரிங் எண்ணெய் மாற்றிய வெள்ளிக்கிழமை

எங்கள் வண்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அதை விற்று வெகுகாலம் ஆகிறது, இந்நேரம் எந்தக் காயலான் கடையில் எத்தனை துண்டாகக் கிடக்கிறதோ தெரியாது. ஆனாலும் வரும். பட்டினப்பாக்கத்தில் எங்களைச் சுற்றி எல்லா வீட்டிலும் படகு இருந்தது, அல்லது படகில் பங்கு இருந்தது. டீசல் பிக்கப் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் மற்ற பிள்ளைகள் கடலும் படகும் சூரியனும் போடுவார்கள். நான் நான்கு சக்கரம் போட்டு, பின்னால் தொட்டி போட்டு, முன்னால் நைனாவின் மீசையையும் போட்டுவிடுவேன். டீச்சர் கேட்டால், "எங்க வண்டி மிஸ்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படிச் சொல்வேன்.

நைனாவும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கரையேற்றும் நேரத்தில் அலை தூக்கியடித்த படகு அவர் வலது தோளில் மோதிவிட்டது. அதற்குப் பிறகு வலை இழுக்க முடியவில்லை. அம்மாவின் நகையை வைத்து இந்த வண்டியை வாங்கினார். கரையில் இறங்கும் மீனை ஐஸ் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு அடையாறு, வேளச்சேரி என்று கடை கடையாகப் போடுவார். கடலை விட்டவன் என்று யாரும் அவரை இளக்காரமாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் விடிந்தால் அத்தனை பேருக்கும் அந்த வண்டி வேண்டும். சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நைனாவுக்குத் தனி மிடுக்கு வந்துவிடும். அவரைப் பார்க்கிற எனக்கும் வந்துவிடும்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் காலை திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை. கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் வளைக்கும்போது நேராகப் போய், ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அத்தையின் பலகையில் இடித்து நின்றது. வஞ்சிரமும் சங்கராவும் ரோட்டில் சிதறின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் அத்தையின் பேரன் எப்போதும் உட்கார்ந்து விளையாடுவான். அன்றைக்கு அவன் பன் வாங்கித் தரச் சொல்லி அழுது, யாரோ டீக்கடைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அத்தை நைனாவைத் திட்டவே இல்லை. மீனைப் பொறுக்கி அலசிக்கொண்டே, அந்தக் காலி இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், சொந்தமாகப் படகு வைத்திருந்தவர், குரலைத் தணித்துப் பேசத் தெரியாதவர்.

"ஸ்டியரிங் இறுகிக்கிச்சு மச்சான். சுத்தறேன், திரும்பல" என்றார் நைனா.

"இறுகனது ஸ்டியரிங்கா, உன் தோளா மாப்ள? கொஞ்ச நாளா சோத்துக் கைய தூக்கி சட்ட மாட்டவே கஷ்டப்படறியாமே."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"வண்டில தான் கோளாறு" என்றார் நைனா.

"சரி, வண்டிலயே இருக்கட்டும். ஒரு டிரைவர போடு. நீ பக்கத்துல குந்திக்கினு வா. நாளைக்கு அந்தப் புள்ள அங்க குந்தினு இருந்தா இன்னா பண்ணுவ?"

அதோடு எனக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. என் நைனா தன் சொந்த வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதாம். அடுத்து வந்த நாட்களில் மாமா எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டால் என் காதில் விழாது. "இன்னாடி, மாமா மேல கோவமா?" என்று கேட்டால் அதுவும் விழாது. வண்டியில்தான் கோளாறு என்று நைனா சொன்னால் வண்டியில்தான் கோளாறு. வண்டியைப் பற்றி மாமாவுக்கு என்ன தெரியும்? அவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது.

நைனா பானெட்டைத் திறந்து பார்த்தபோது எங்கள் கட்சிக்குப் பலம் கூடியது. ஸ்டியரிங்குக்கென்று ஒரு சின்ன டப்பா இருக்கும், அதில் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய் அழுத்தித் தள்ளுவதால்தான் அவ்வளவு பெரிய வண்டியின் சக்கரங்கள் கைக்கு லேசாகத் திரும்பும். நல்ல எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். எங்கள் டப்பாவில் தார் மாதிரிக் கறுப்பாக, கெட்டியாகக் கிடந்தது. விசாரித்ததில் ஆள் யாரென்று தெரிந்தது. ஒரு முறை டப்பாவில் எண்ணெய் குறைவாக இருக்கிறதென்று நைனா சொல்லப்போக, மாமா உதவி செய்வதாக நினைத்துத் தன் படகு எஞ்சினுக்கு வாங்கிவைத்த எண்ணெயை ஊற்றி நிரப்பியிருக்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் கதவு கிரீச்சிட்டாலும், தையல் மிஷின் இறுகினாலும், சைக்கிள் செயின் துருப்பிடித்தாலும் எல்லாவற்றுக்கும் படகு எண்ணெய்தான்.

"எண்ணன்னா எண்ணதானே" என்று மாமா தலையைச் சொறிந்தார். நான் அவர் எதிரில் போய் நின்று ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் மந்தம். பாதி ஊர் அன்றைக்கு மீன் தொடாது, வண்டிக்கு ஓய்வு. எனக்குப் பரீட்சை லீவு. மெக்கானிக்கிடம் விடலாமே என்று அம்மா கேட்டதற்கு, நாமே செய்துகொள்ளலாம் என்று நைனா சொல்லிவிட்டார். ராயப்பேட்டையில் ஒரு கடையிலிருந்து சிவப்பு எண்ணெய் வாங்கி வந்தார். வீட்டுக்கு எதிரே மணல் மேவிய தரையாதலால், படகு தள்ளுகிற பலகைகளை மாமா தூக்கி வந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்படி வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்கள்.

மேலே புதுசை ஊற்றினால் பழசோடு கலந்துவிடும், உள்ளே இருப்பதை ஒட்டக் கழுவி வெளியே எடுக்க வேண்டும் என்று நைனா விளக்கினார். எண்ணெய் சுற்றிவந்து டப்பாவுக்குத் திரும்பும் குழாயைப் பிடுங்கி, அதன் முனையை ஒரு காலித் தண்ணீர்க் கேனுக்குள் விட்டார். டப்பாவில் குழாய் இருந்த ஓட்டையைத் துணி வைத்து அடைத்தார். இனி ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றப் பழசு வெளியே வரும். வர வர, ஒருவர் மேலே புதுசை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா ஊற்றுவாள். நைனா கீழே படுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிறம் பார்ப்பார்.

"சுத்தறது யாரு?" என்று மாமா முன்னால் வந்தார்.

"எம் பொண்ணு சுத்துவா" என்றார் நைனா.

அந்த நிமிஷம் நான் வளர்ந்த வளர்த்தியை எந்த ஸ்கேலாலும் அளந்திருக்க முடியாது. சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்தேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து நின்றார்கள். எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கனத்தது. இரண்டு கையாலும் பிடித்து உடம்பையே சாய்த்து இழுத்தேன். கீழேயிருந்து நைனாவின் குரல் மட்டும் வந்தது.

"கறுப்பு. சுத்து. கறுப்பு தான். ஊத்தும்மா. சுத்து."

பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற வேகத்தில் நான் சுற்றிய சுற்றுக்கு அம்மாவால் ஊற்ற முடியவில்லை. டப்பா வற்றி, குழாயில் கொடகொடவென்று காற்று வந்தது. "அடியே, மெதுவா. உள்ள காத்து புட்ச்சிக்கிச்சுனா ஒண்ணத்துக்கும் ஆவாது" என்று அம்மா அதட்டினாள். பிறகு அவள் கையைப் பார்த்துச் சுற்றினேன். அவள் தலையசைத்தால் நான் சுற்றுவேன், கையைக் காட்டினால் நிற்பேன். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மங்கிய சிவப்பாகி, கடைசியில் ரோஸ்மில்க்குக்கு ஊற்றுகிற சிரப் மாதிரிச் சிவப்பு வந்ததும் நைனா, "வந்துட்ச்சு" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

குழாயைத் திரும்ப மாட்டி, டப்பாவை நிரப்பி, உள்ளே இருந்த காற்று போக இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றவைத்தார். பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. முதலில் ஒரு முனகல் கேட்டது, அப்புறம் அதுவும் அடங்கியது.

"இப்ப சுத்து கண்ணு."

சுற்றினேன். சக்கரங்கள் இரண்டும் நான் சொன்னபடி கேட்டன. வண்டியைத் தரையில் இறக்கிய பிறகும் கேட்டன.

"எப்படி கீது?" என்று ஜன்னல் ஓரமாக வந்து கேட்டார் நைனா. கை, முகமெல்லாம் எண்ணெய். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா கீது நைனா. ஒரே கையில திருப்பறேன் பாரு." திருப்பிக் காட்டினேன். மாமா பார்க்கட்டும் என்று இன்னொரு முறையும் காட்டினேன். "நீ சொன்ன மாதிரியே வண்டில தான் கோளாறு."

நைனா சிரித்தார். என்னை இறக்கிவிட்டு, தலையணையை எடுத்துவிட்டு, அவர் ஏறி உட்கார்ந்தார். வலப்பக்கம் திருப்பினார், முழுக்கத் திரும்பியது. இடப்பக்கம் திருப்பும்போது, வலது கை மேலே ஏற வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை திருப்பினார். அதே இடத்தில் நின்றது. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். இவ்வளவு நேரம் தரையில் படுத்துக் கிடந்தால் யாருக்குத்தான் அசதி வராது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வந்தார். அம்மா எண்ணெய் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மகளிர் குழுவில் சேர்ந்து அவள் கார் ஓட்டப் படித்ததும், லைசென்ஸ் எடுத்ததும் எங்கள் வீட்டில் கிண்டல் பேச்சாகத்தான் இருந்தது.

"நீ ஓட்டு" என்றார் நைனா.

"நானா?"

"வண்டில இனிமே ஒரு கொறையும் இல்ல. கொழந்தையே திருப்புது. நீ ஓட்டு. நான் பக்கத்துல குந்திக்கிறேன்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். புடவை முந்தானையில் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டு ஏறினாள். நடுவில் நான். அத்தையின் மீன் பலகை இருந்த அந்த வளைவில் அம்மா வண்டியைத் திருப்பினாள், இடிக்காமல், நிற்காமல், அவ்வளவு பாந்தமாக. சாந்தோம்வரை போய் வந்தோம். வழியில் பார்த்த எல்லோருக்கும் கையாட்டினேன். அன்றிலிருந்து அந்த வண்டியை ஓட்டியது அம்மாதான். எங்கள் கரையில் மீன் வண்டி ஓட்டிய முதல் பொம்பளை என் அம்மா என்பதை நான் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததும், "எங்க நைனா வண்டிய சரிபண்ணி எங்கம்மாவுக்கே குட்த்துட்டாரு" என்று வகுப்பில் சொன்னேன். வேறு எந்த நைனா கொடுப்பார்?

அன்று திரும்பி வந்தபோது மாமா அதே இடத்தில், பலகைமேல் உட்கார்ந்திருந்தார். நைனா இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா நைனாவின் வலது தோளில் கையை வைத்தார். மன்னிப்புக் கேட்கிறார் போல என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, தோற்றுப்போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. நாட்கணக்கில் பேசாமல் இருந்தவள், நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா தோத்துட்டாரு" என்றேன்.

மாமா நைனாவைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்பைத் தன் லுங்கியால் துடைத்துவிட்டார்.

"ஆமா கண்ணு" என்றார். "உங்க நைனாகிட்ட நான் தோத்துட்டேன்."