மாமன் காரின் இடது கண்

எட்டு வயதுவரை என் காது மூளிக்காதாகவே இருந்தது. என் வயதுப் பெண்களெல்லாம் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவார்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அம்மாவைக் கேட்டால், அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பாவக் கேளு" என்பாள். அப்பாவைக் கேட்டால் அவருக்கு உடனே தோட்டத்தில் வேலை வந்துவிடும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கார்.

மாமன் அம்மாவுக்கு அண்ணன். நாமக்கல்லில் லாரித் தொழில். மேட்டூரில் இருந்த ஒரு கம்பெனி அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்தார். சிவப்புக் கார், தரையோடு தரையாகக் கிடக்கும். அதன் முகப்பு விளக்குகள் வெளியே தெரியாது, பானெட்டுக்குள் படுத்திருக்கும். சுவிட்சை இழுத்தால் தூக்கம் கலைந்ததுபோல் மேலே எழும்பும். விளக்கைத் தூக்கிவிட மோட்டார் எதுவும் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேகம்தான் ரப்பர் குழாய் வழியாகப் போய் அவற்றைத் தூக்கிவிடும். குழாயில் சின்ன ஓட்டை விழுந்து கொஞ்சம் காற்றுப் பிடித்தாலும் போச்சு, ஒரு கண் விழிக்கும், ஒரு கண் தூங்கும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, மாமன் புது வீடு குடிபோன அன்று அப்படித்தான் இடது கண் தூங்கிவிட்டது. விருந்தாளிகள் வரும் நேரத்தில் மனுஷன் பானெட்டுக்குள் தலையை விட்டு, எங்கே காற்றுப் பிடிக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா போய் வாசலில் நின்றார். எங்கள் பக்கத்தில் வீட்டு மாப்பிள்ளையை "வாங்க" என்று கேட்காவிட்டால் இலையில் எது விழுந்தாலும் தொண்டையில் இறங்காது. அப்பா நின்றார், இருமினார், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிட்டார்.

ஒரே ஒரு "வாங்க"வுக்காக இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்திக்கொண்டன. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாது. பேசாத மாமனின் மடிக்கு எங்கே போவது? இரண்டு ஆண்களின் வீம்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டது என் காது.

சித்திரை வெயிலில் ஒரு நாள், மோகனூர் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டு முன்னால் அந்தக் கார் வந்து நின்றது. மாமன் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"சாமி, லைட்டு ஒண்ணு எந்திரிக்க மாட்டேங்குது. உங்கூட்ல பால் கறக்கற மிஷின் இருக்குதல்லோ, அந்த டியூப்பு துளி கெடைக்குமான்னு உங்கப்பாவக் கேளு."

அப்பா எனக்குப் பின்னால் கட்டுத்தரையிலேயே நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் நான் போய் மறுபடி சொல்லும்வரை விழாதவர்போல் எருமையைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க காத்துப் புடிக்குதுன்னு பாத்தாங்களான்னு கேளு" என்றார். நான் மாமனிடம் ஓடினேன். மாமன் ஒன்று சொன்னார், அப்பாவிடம் ஓடினேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என் வழியாகவே பேசினார்கள். எனக்கு மூச்சிரைத்தது.

கடைசியில் அப்பாவே வந்தார். பால் கறக்கும் மிஷினும் உறிஞ்சித்தானே வேலை செய்கிறது, அந்தச் சூட்சுமம் அவருக்குத் தெரியும். சாமி மாடத்திலிருந்து திருநீற்றை எடுத்து வரச் சொல்லி, குழாய் நெடுகத் தூவினார். ஓட்டை இருக்கும் இடத்தில் திருநீறு உள்ளே இழுபட்டுவிடும். மாமன் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். அந்த உறுமலில் என் தூது வேலை பறிபோனது.

"சுவிட்ச இழுங்க!" என்று கத்தினார் அப்பா. நேராக மாமனிடம்.

"இழுத்துட்டனுங்க!"

"அமுக்கீட்டு மறுக்கா இழுங்க!"

ஓர் இடத்தில் திருநீறு காணாமல் போனது. அப்பா குனிந்து பார்த்தார். ரப்பரில் கோடு போட்டதுபோல் நேராக ஒரு கீறல். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி மாமனைப் பார்த்தார். மாமன் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போய், தன் மிஷின் குழாயிலேயே ஒரு துண்டை நறுக்கி வந்து மாட்டினார். இடது கண் மெல்லத் திறந்தது. நான் கை தட்டினேன்.

மாமன் காரைவிட்டு இறங்கினார். "மாப்ளே, அன்னைக்கு வாங்கன்னு கேக்காம உட்டது என்ர தப்புத்தானுங்க. ஊட்டுக்கு வாங்க."

"மொதல்ல நீங்க உள்ள வாங்க மச்சான். சோறு ஆறுது" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அப்பா முணுமுணுத்துக்கொண்டே எல்லா எருமைகளையும் கையால் கறந்தார். அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி பட்டதும் அவர் தோளைக் கடித்து வைத்தேன். அவர் அதற்கும் சிரித்தார்.

இப்போது அந்தக் கார் என் வீட்டில் நிற்கிறது. மெக்கானிக் வரும்போதெல்லாம், "இந்தக் குழாயெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு ரெண்டு மோட்டாரு வெச்சுப்போடலாங்க, தொந்தரவே இருக்காது" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். நான்தான் ஒத்துக்கொள்வதில்லை. குழாய் கெட்டால் பால் மிஷின் குழாயை வாங்கி நானே மாற்றிக்கொள்கிறேன். மாற்றி மாற்றித்தான் ஒன்று தெரிந்தது. பழைய ரப்பர் காய்ந்த ஏரி மண்போலத் தாறுமாறாக வெடிக்கும். கோடு போட்டதுபோல் நேராக வெடிக்கவே வெடிக்காது. அதற்கு ஒரு பிளேடு வேண்டும்.

பிளேடு எடுத்த மாமனுக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவள். அப்பாவுக்கு அதைவிட ஒரு படி மேலே. மாமன் காரோடு வந்து நின்றது தார் ரோடு உருகும் மத்தியான வெயிலில். நாமக்கல் அரை மணி நேரப் பயணம். அந்த வெளிச்சத்தில் மாமனுக்கு விளக்கு எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். அவர் கேட்கவில்லை.