மேபல் அக்காவுக்காக வாங்கிய புத்தகம்

மேபல் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், நம் எடிசன் ஊர் ஓக் ட்ரீ ரோட்டு இந்திய மளிகைக் கடையின் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு திரும்பி, "மேபல் அக்கா நேத்து காலைல போய்ட்டாங்களாம், ஹார்ட் அட்டாக். தெரியுமா?" என்றார். "யார் சொன்னது?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து மூன்று பேருக்கு ஃபோன் செய்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தையும் ஒரே ஆஸ்பத்திரியையும் சொன்ன பிறகுதான் நம்பினேன். நம்பிய பிறகு வெகு நேரம் காரை எடுக்க முடியவில்லை.

என்னை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். "நீங்க கல்யாணப் பத்திரிகையைக்கூட வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுத்தான் படிப்பீங்க" என்பாள் என் மனைவி. இந்தக் குணத்தை நம்பித்தான் நம் தமிழ்ச் சங்கத்தில் என்னை நாடகப் பரிசீலனைக் குழுவில் போட்டார்கள். பொங்கல் விழாவில் எந்த நாடகம் மேடையேறுவதென்றாலும் மூன்று பேர் பிரதியை முழுக்கப் படித்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது நம் வழக்கம். மற்ற இருவரும் சாஃப்ட்வேர்க்காரர்கள். படிப்பது என் தலையில் விழும்.

மேபல் அக்காவை உங்களில் பெரும்பாலோர் திரைக்குப் பின்னால்தான் பார்த்திருப்பீர்கள். ஆறேழு வருடம் நம் நாடகங்களுக்கெல்லாம் வசனம் எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். பாளையங்கோட்டையில் அறிவியலோடு ஆங்கில இலக்கியமும் சேர்த்துப் படித்தவர். இங்கே ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் நோய்க்கிருமிகளை வளர்த்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஹபீப் என்ற என் பெயரை அவர் தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஹபீப் தம்பிதான்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒருநாள், பள்ளி நோட்டு ஒன்றில் தமிழில் எழுதிய நாடகத்தை என்னிடம் நீட்டினார். மூலம் யாருடையது என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். நாமெல்லாம் பள்ளியில் சுருக்கிப் படித்த, உலகமே அறிந்த ஆங்கில நாவலாசிரியரின் பெயர் அது. அவர் நாடகம் எழுதினார் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

"அஞ்சு எழுதியிருக்காரு தம்பி. அஞ்சும் ஓடல. அதனால ஒருத்தரும் திரும்பிப் பாக்கல" என்றார் அக்கா. "நாவல்ல அவரு எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிடுவாரு, நாம யோசிக்கதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டாரு. நாடகத்துல வாயை மூடிக்கிட்டு ஓரமா நிக்காரு. அந்த மனுசன எனக்குப் பிடிக்கும்."

"புத்தகம் இருக்கா அக்கா?"

"இல்ல தம்பி. காலேஜ் லைப்ரரில படிச்சேன். இந்த ஒரு நாடகத்தை மட்டும் கையால காப்பி பண்ணி வச்சிருந்தேன். அதுவும் வீடு மாறுனதுல எங்கயோ போயிட்டு. தமிழ்ல பண்ணது மட்டும்தான் மிச்சம்."

இதே கதையை ஒருவர் என் ஆபீஸில் சொல்லியிருந்தால் அந்த ஃபைலைச் சந்தேகக் கேஸ் என்று தனியாக எடுத்து வைத்திருப்பேன். அன்றும் அதைத்தான் செய்தேன்.

நாடகம் சின்னது. அண்ணன் வீட்டில் தங்கிக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண். வீட்டில் மோதிரம் ஒன்று காணாமல் போகிறது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். பிறகு மோதிரம் கிடைக்கிறது. வெட்கப்பட்டு யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கடைசிக் காட்சியில் அவளே திரும்பி வந்து வாசலில் நின்று, "கிடைச்சுட்டுதா?" என்று கேட்கிறாள். அண்ணன் நிமிர்ந்து பார்க்கிறான். திரை விழுகிறது. படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தை மறுபடி ஒரு தடவை படித்தேன். ஆனால் சந்தேகம் வலுத்ததும் அந்த இடத்தில்தான். அந்த வீட்டுப் பெண்கள் அச்சு அசல் திருநெல்வேலிக்காரிகளாக இருந்தார்கள். இது அக்காவே எழுதியது, எடுபடவேண்டும் என்று வெள்ளைக்காரன் பெயரை மாட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னேன். நாவல்கள் திரையை நிரப்பின. நாடகம் ஒன்றுகூட இல்லை. குழுவின் மற்ற இருவரும் ஆபீஸில் இண்டர்நெட்டில் தேடினார்கள். அங்கேயும் இல்லை. நாங்கள் மூவருமே அந்தக் காலத்து எடிசன் ஊர் ஆட்கள். கம்ப்யூட்டரில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று மனதார நம்பியவர்கள். ‘இப்படி ஒரு நாடகம் இருப்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று தீர்மான நோட்டில் எழுதினேன். அந்த வருடம் வழக்கம்போல மாப்பிள்ளை மாறிப்போகும் காமெடி மேடையேறியது.

அக்கா சண்டை போடவில்லை. ஒத்திகைக்கு எலுமிச்சை சாதம் கொண்டுவந்தார். திரைக்குப் பின்னால் நின்று காமெடிக்கு வசனம் எடுத்துக்கொடுத்தார். இடைவேளையில் என்னிடம் மட்டும் சொன்னார்: "எங்க லேப்ல கிருமி வளருதான்னு பாக்க ஒரு கல்ச்சர் போட்டா முதல் நாள் ஒண்ணும் தெரியாது தம்பி. அதுக்காக ஒண்ணும் இல்லன்னு எழுதிட முடியாது. ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்." நான் அதைத் தோற்றவரின் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அல்ல, இரண்டு வருடம் ஆயிற்று. கம்ப்யூட்டர்களெல்லாம் இரண்டாயிரத்தில் நின்றுபோகும் என்று ஊரே பரபரத்த சமயம். நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழிக்கும் விற்பனை நடந்தது. அடித்தளத்தில் கிடந்தவை, அட்டவணைக் கார்டுகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது பதிவாகாமல் விட்டுப்போனவை எல்லாம் மேஜையில் கிடந்தன. ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தேன். ஐந்து நாடகங்கள். மூன்றாவது, மோதிரம் காணாமல் போகும் நாடகம்.

மேஜையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார மூதாட்டி புத்தகத்தைப் பார்த்ததும் மலர்ந்தார். உங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் இதைக் கேட்டு எத்தனையோ தடவை வந்துவிட்டார், அவருக்காகவா வாங்குகிறீர்கள் என்றார். "ஆமாம், அவருக்காகத்தான்" என்றேன். சொன்னபோது பொய் சொல்வதாக நினைக்கவில்லை.

அன்றே வீட்டில் அதை வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, கடைசிக் காட்சியைத் தவிர. ஆங்கிலத்தில் அந்தப் பெண் திரும்பி வருவதே இல்லை. மோதிரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கிறார்கள், அத்தோடு முடிகிறது. ஆக, வாசலில் நின்று கேட்டவள் அக்காவின் கைச்சரக்கு. என் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றான். ‘மூலத்தை மாற்றியதை ஏன் சொல்லவில்லை’ என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைக் கொடுப்போம், அதற்கு முன் அவரே சொல்கிறாரா பார்ப்போம் என்று அதை மேஜை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த பொங்கல் வந்தது, அதற்கடுத்த இரண்டும் வந்தன. ஒவ்வொரு தடவையும் அக்கா என் கைகளைப் பார்த்தது போல இருந்தது. என்னமோ சந்தேகப்படுகிறார் என்று நினைத்து நான்தான் விலகிப் போனேன்.

அடக்கத்துக்கு முன்தினம் அஞ்சலிக்குப் போனேன். அக்காவின் மகள் என்னை ஓரமாக அழைத்துப்போய் அந்தப் பழைய பள்ளி நோட்டைக் கொடுத்தாள். "அம்மா வான்டட் யூ டு ஹேவ் திஸ், அங்கிள்" என்றாள். தமிழ் எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று காருக்கு வந்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘புத்தகம் ஹபீப் தம்பியிடம் இருக்கிறது. எனக்காக வாங்கினாராம், லைப்ரரி அம்மா சொன்னார். கொண்டுவந்து தரும்போது, கடைசிக் காட்சி என்னுடையது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும்.’

ஐந்து வருடங்களாக நான் அவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அழுததுபோல நான் என் வாழ்நாளில் அழுததில்லை.

மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பும்போது பச்சைப் புத்தகத்தை மகளிடம் கொடுத்து, நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். சங்கத்தின் தீர்மான நோட்டில் நான் எழுதிய வரிக்குக் கீழே, ‘நாடகம் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருகிற பொங்கலுக்கு அதை மேடையேற்றலாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பரிசீலனைக் குழுவில் இனி நான் இல்லை. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் வருகிறேன்.

பள்ளி நோட்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதில் அந்தப் பெண் இன்னும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணனுக்கு அக்கா பதில் எதுவும் எழுதி வைக்கவில்லை.

கிடைச்சுடுச்சு அக்கா. கிடைச்சு மூணு வருஷம் ஆச்சு.